பெட்டியில் இரண்டு பெயர்

 

இன்றைய பேச்சு இன்ஹேலர் பற்றியது. மூச்சு வாங்கும் நோய் உள்ளவர்கள் வாயில் வைத்து இழுக்கும் மருந்து அது. சிலர் அதைப் பம்ப் என்பார்கள்.

மருந்துக் கடை அலமாரியைப் பாருங்கள். ஆஸ்தாலின் இருக்கிறது. லெவோலின் இருக்கிறது. டுவோலின், ஃபோராகார்ட், புடமேட், செரோஃப்ளோ, டியோவா என்று இன்னும் பல இருக்கின்றன. எல்லாம் கைக்கு அடக்கமான பெட்டி. எல்லாம் இன்ஹேலர். ஆனால் விலை வேறு, வேலை வேறு. எது எதற்கு? எதற்குப் பதில் எதை வாங்கலாம்? எதை மாற்றி வாங்கினால் ஆபத்து? இதைத் தெரிந்துகொள்ளாமல் பல வீடுகளில் காசும் போகிறது, மூச்சும் போகிறது.

முதலில் நோயைப் பார்ப்போம்.

நெஞ்சுக்குள் மூச்சுக்குழாய் மரம்போல் இருக்கிறது. தலைகீழான மரம். மேலே அடிமரம், கீழே கிளைகள், நுனியில் சின்னச் சின்னக் காற்றுப் பைகள். பல வருஷம் புகை உள்ளே போனால் கிளைகள் வீங்கிச் சுருங்குகின்றன. சளி கட்டுகிறது. காற்றுப் பைகள் கிழிந்து போகின்றன. உள்ளே போன காற்று வெளியே வர முடியாமல் தவிக்கிறது. இதற்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று பெயர். டாக்டர்கள் சி.ஓ.பி.டி. என்று எழுதுவார்கள்.

பீடியும் சிகரெட்டும் இதற்கு முக்கியக் காரணம். ஆனால் நம் நாட்டில் பீடியைத் தொட்டே பார்க்காத பெண்களுக்கும் இந்த நோய் வருகிறது. காரணம் அடுப்பு. விறகு, வறட்டி, சுள்ளி எரித்து, ஜன்னல் இல்லாத சமையலறையில் முப்பது வருஷம் ஊதிய தாயின் நெஞ்சும் பீடி பிடித்தவர் நெஞ்சுபோல் ஆகிவிடுகிறது. கல் குவாரி, பஞ்சு ஆலை, சுரங்கம் ஆகிய இடங்களின் தூசியும் காரணம். பழைய டி.பி. நோய் விட்டுப்போன தழும்பும் காரணம்.

ஆஸ்துமா வேறு. அது வரும், போகும். சிறு வயதிலேயே தொடங்கலாம். இடையில் ஆள் நன்றாக இருப்பார். சி.ஓ.பி.டி. பெரும்பாலும் நாற்பது வயதுக்கு மேல், மெல்ல மெல்ல வரும். முதலில் மேடு ஏறும்போது மூச்சு வாங்கும். பிறகு தண்ணீர்க் குடம் தூக்கும்போது வாங்கும். பிறகு குளிக்கும்போதே வாங்கும். கிழிந்த காற்றுப் பை திரும்பத் தைக்கப்படாது. ஆனால் சுருங்கிய குழாயை மருந்தால் ஓரளவு விரிக்கலாம். மனிதர் நடமாடலாம், வேலை செய்யலாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் முதலில் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். டி.பி.யா என்று பார்க்க வேண்டும். அதற்கு அரசு ஆஸ்பத்திரியில் காசு இல்லை. பிறகு ஒரு குழாயில் பலமாக ஊதச் சொல்லி மூச்சை அளப்பார்கள். அதற்கு ஸ்பைரோமெட்ரி என்று பெயர். இந்தச் சோதனை இல்லாமல் பக்கத்து வீட்டுக்காரர் இன்ஹேலரை வாங்கி இழுத்துப் பார்ப்பது வேண்டாம். அவருக்கு ஆஸ்துமா இருக்கலாம், இவருக்கு வேறு இருக்கலாம். ஒருவர் கண்ணாடி இன்னொருவர் கண்ணுக்கு ஆகுமா?

இனி இன்ஹேலர்.

மருந்தை வாயால் இழுக்கும் பழக்கம் பழையதுதான். ஆனால் கையில் பிடித்து ஒரு அமுக்கு அமுக்கினால் சரியான அளவு மருந்து வரும் குப்பி 1956இல்தான் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதற்கு முந்தைய வருஷம் அந்த மருந்துக் கம்பெனித் தலைவரின் பதின்மூன்று வயது மகள் ஒரு கேள்வி கேட்டாளாம். அவளுக்கு ஆஸ்துமா. கண்ணாடிக் குமிழில் மருந்தை ஊற்றி, ரப்பரை அமுக்கி இழுத்து அவளுக்குச் சலித்துவிட்டது. தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரே மாதிரி என் மருந்தையும் செய்யக் கூடாதா என்று அப்பாவைக் கேட்டாள். செய்தார்கள். ஒரு சிறுமியின் கேள்வியால் இன்று உலகமெல்லாம் மூச்சு விடுகிறது.

சிலருக்கு இன்ஹேலர் என்றாலே பயம். அது வீரியம் அதிகம், பழகிவிட்டால் விட முடியாது, மாத்திரைதான் சாது என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். சால்பூட்டமால் என்ற மருந்து மாத்திரையாகவும் வருகிறது. ஒரு மாத்திரை 4 மில்லிகிராம். ஒரு மில்லிகிராம் என்பது 1000 மைக்ரோகிராம். அப்படியானால் ஒரு மாத்திரையில் 4000 மைக்ரோகிராம். அதே மருந்து இன்ஹேலரில் ஒரு அமுக்குக்கு 100 மைக்ரோகிராம். இரண்டு அமுக்கு இழுத்தால் 200. நாலாயிரம் எங்கே, இருநூறு எங்கே? இருபதில் ஒரு பங்கு! மாத்திரை வயிற்றில் கரைந்து உடம்பு முழுக்கச் சுற்றிவிட்டு நெஞ்சுக்கு வருகிறது. வழியில் கை நடுங்க வைக்கிறது, நெஞ்சு படபடக்க வைக்கிறது. இன்ஹேலர் நேரே நெஞ்சுக்குப் போகிறது. அதனால்தான் கொஞ்சம் போதும். நோய் நாள்பட்டது என்பதால்தான் மருந்தும் நாள்பட வேண்டியிருக்கிறது. அது பழக்கம் அல்ல.

இப்போது பெயருக்கு வருவோம். ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு பெயர் இருக்கும். ஒன்று கம்பெனி வைத்த பெயர். இன்னொன்று மருந்தின் சொந்தப் பெயர். ஆஸ்தாலின் என்பது கம்பெனி வைத்த பெயர். உள்ளே இருப்பது சால்பூட்டமால். சால்பூட்டமாலை வேறு கம்பெனிகளும் வேறு பெயரில் விற்கின்றன. மருந்து ஒன்று, பெயர் பல. சேலைக்கு மேல் ஒட்டிய கடைச் சீட்டு மாதிரிதான் கம்பெனிப் பெயர். நூல் எது என்று பார்க்க வேண்டும்.

இந்தக் கம்பெனிப் பெயர்களை வைப்பவர்கள் படிப்புக் குறைந்த நோயாளியை நினைத்துப் பார்ப்பதாகத் தெரியவில்லை. டியோவா என்று ஒன்று. டுவோவா என்று இன்னொன்று. காதால் கேட்டால் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். டியோவாவில் டியோட்ரோபியம் மட்டும் இருக்கிறது. டுவோவாவில் டியோட்ரோபியத்தோடு ஃபார்மெட்ரால் என்ற இன்னொரு மருந்தும் சேர்ந்திருக்கிறது. வாயால் சொல்லி வாங்கினால் மாறிப்போகும். சீட்டைக் காட்டித்தான் வாங்க வேண்டும்.

மருந்தின் சொந்தப் பெயர் தெரிந்தால், அது என்ன வேலை செய்யும் என்று தெரியும். வேலை இரண்டு வகை.

முதல் வகை அவசரத்துக்கு. மூச்சு முட்டும்போது இழுத்தால் சில நிமிஷத்தில் குழாய் விரியும். நாலைந்து மணி நேரம் தாங்கும். சால்பூட்டமால், லெவோசால்பூட்டமால், இப்ராட்ரோபியம் இந்த வகை. லெவோலினில் இருப்பது லெவோசால்பூட்டமால். டுவோலினில் அதோடு இப்ராட்ரோபியமும் சேர்ந்திருக்கிறது.

இரண்டாம் வகை தினமும் போட. மூச்சு முட்டினாலும் முட்டாவிட்டாலும் போட வேண்டும். டியோட்ரோபியம் ஒரு நாள் முழுக்கத் தாங்கும். ஃபார்மெட்ராலும் சால்மெட்ராலும் பன்னிரண்டு மணி நேரம் தாங்கும். புடசோனைடும் ஃப்ளூட்டிகசோனும் வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டுகள். ஃபோராகார்ட், புடமேட் இரண்டிலும் ஃபார்மெட்ராலும் புடசோனைடும் இருக்கின்றன. செரோஃப்ளோவில் சால்மெட்ராலும் ஃப்ளூட்டிகசோனும் இருக்கின்றன.

பல வீடுகளில் அவசர இன்ஹேலர் மட்டும்தான் இருக்கும். அது விலை குறைவு. இழுத்தவுடன் சுகம் தெரியும். தினசரி இன்ஹேலர் விலை கூடுதல். இழுத்தவுடன் ஒன்றும் தெரியாது. அதனால் இது வேலை செய்யவில்லை, காசு தண்டம் என்று விட்டுவிடுகிறார்கள். கூரை ஒழுகும்போது பாத்திரம் வைப்பது ஒரு வேலை. மழைக்கு முன்பே ஓடு மாற்றுவது இன்னொரு வேலை. ஆஸ்துமாக்காரர் அவசர இன்ஹேலரை மட்டுமே நம்பி இருப்பது உயிருக்கே ஆபத்து. 2019 முதல் உலக ஆஸ்துமா வழிகாட்டி நூல் இதைத் திட்டமாகச் சொல்கிறது. ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் கட்டாயம் வேண்டும். சி.ஓ.பி.டி.க்கு அப்படி எல்லாருக்கும் வேண்டியதில்லை. அதில் குழாயை விரிக்கும் மருந்துதான் முதல். ஸ்டீராய்டு சிலருக்கு உதவும், சிலருக்கு நிமோனியா சளியை வரவழைக்கும். யாருக்கு எது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

ஒரு தாய் மருந்துக் கடைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். டாக்டர் ஃபோராகார்ட் 200 என்று எழுதியிருக்கிறார்.

“அம்மா, இந்தக் கம்பெனி சரக்கு தீர்ந்துபோச்சு. புடமேட் 200 இருக்கு. தரட்டுமா? ரெண்டும் ஒண்ணுதான்.”

“ஒண்ணுதான்னு எப்படி தம்பி நம்புறது? உள்ளே என்ன மருந்துன்னு படிச்சுச் சொல்லுப்பா.”

“ஃபார்மெட்ரால் ஆறு. புடசோனைடு இருநூறு.”

“பழைய பெட்டியைக் கொண்டாந்திருக்கேன். இதிலே?”

“இதிலேயும் ஆறு, இருநூறுதாம்மா.”

“இதுவும் அமுக்குற குப்பிதானே? கேப்சூல் இல்லையே?”

“குப்பிதாம்மா.”

“அப்ப சரி. டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்கிக்கிறேன்.”

இந்தத் தாய் கேட்ட கேள்விகள் போதும். மருந்து ஒன்றா, அளவு ஒன்றா, கருவி ஒன்றா என்று கேட்டார். மூன்றும் ஒன்றானால்தான் இரண்டு பெட்டியும் ஒன்று. ஒன்று மாறினாலும் வேறு.

அதே கடைக்காரர் செரோஃப்ளோ 250ஐ எடுத்துக் கொடுத்து, இருநூறைவிட இருநூற்றைம்பது நல்லதுதானே அம்மா என்றால்? ஒத்துக்கொள்ளக் கூடாது. அந்த 200 புடசோனைடின் அளவு. இந்த 250 ஃப்ளூட்டிகசோனின் அளவு. ஒரு பிடி அரிசியும் ஒரு பிடி மிளகாயும் அளவில் ஒன்றுதான். குழம்பில் போட்டால் ஒன்றா? ஃப்ளூட்டிகசோன் கொஞ்சத்திலேயே காரம் அதிகம். மருந்து வேறானால் எண்ணை ஒப்பிடவே கூடாது.

அளவு பாதியாக இருந்தால் மருந்து பாதி என்றும் நினைக்கக் கூடாது. ஆஸ்தாலினில் ஒரு அமுக்கு 100 மைக்ரோகிராம். லெவோலினில் 50. சால்பூட்டமாலில் வலது கை, இடது கை மாதிரி இரண்டு பாதி இருக்கிறது. குழாயை விரிப்பது ஒரு பாதிதான். அந்தப் பாதியை மட்டும் பிரித்து எடுத்தால் லெவோசால்பூட்டமால். அதனால் 50 போதும். அதற்காக இது அதைவிட மேல் என்று சொல்ல முடியாது. பெரும்பாலானவர்களுக்கு இரண்டும் ஒரே வேலைதான் செய்கின்றன. விலையைப் பார்த்து டாக்டரிடம் கேட்கலாம்.

ஒரே கம்பெனிப் பெயரிலும் அளவு மாறும். டியோவா கேப்சூல் ஒன்றில் 18 மைக்ரோகிராம் இருக்கிறது. அதை ஒரு நாளைக்கு ஒன்று இழுப்பார்கள். அதே டியோவா அமுக்கும் குப்பியில் ஒரு அமுக்குக்கு 9தான். அதனால் இரண்டு அமுக்கு. கேப்சூலிலிருந்து குப்பிக்கு மாறிய பெரியவர், பழைய நினைப்பில் ஒரே ஒரு அமுக்கு அமுக்கினால் பாதி மருந்துதான் கிடைக்கும். மாடியேற முடியவில்லை, மருந்து போலி என்று திட்டுவார். மருந்து போலி இல்லை. கணக்குதான் மாறிப்போனது.

இதைவிட மோசம் ஒன்று உண்டு. வெளியூர் டாக்டர் ஃபோராகார்ட் எழுதுகிறார். உள்ளூர் டாக்டர் புடமேட் எழுதுகிறார். வீட்டில் இரண்டும் இருக்கின்றன. இரண்டு டாக்டர், இரண்டு மருந்து என்று நினைத்து நோயாளி காலையில் இரண்டையும் இழுக்கிறார். மருந்து ஒன்றுதான்! அளவு இரட்டிப்பாகிவிடுகிறது. கை நடுங்குகிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது, வாயில் வெள்ளை படர்கிறது. டாக்டரிடம் போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா இன்ஹேலரையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போக வேண்டும். காலிப் பெட்டியையும்தான்.

பெட்டியில் எல்லாம் இங்கிலீஷில் அல்லவா இருக்கிறது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நோயாளி தமிழ் பேசுகிறார், தெலுங்கு பேசுகிறார், ஒரியா பேசுகிறார். பெட்டி மட்டும் இங்கிலீஷ் பேசுகிறது. 2018இல் மத்திய அரசு ஒரு விதியைத் திருத்தியது. பெரும்பாலான மருந்துகளில் சொந்தப் பெயரைக் கம்பெனிப் பெயரைவிடப் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்றது. நல்ல விதி. ஆனாலும் எழுத்து இங்கிலீஷ்தான்.

ஆனால் எண் எல்லாருக்கும் ஒன்றுதான். 6, 9, 18, 50, 100, 200 என்ற எண்களைப் படிக்கத் தெரிந்தவர் பெட்டியில் பாதியைப் படித்துவிட்டார். தேதியையும் எண்ணால்தான் போடுகிறார்கள். எந்த மாதத்தோடு காலாவதி என்று பார்க்கலாம். எழுத்துக்கு ஒரு வழி உண்டு. பழைய பெட்டியையும் புதுப் பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கோலத்தை ஒப்பிடுவதுபோல் எழுத்து எழுத்தாக ஒப்பிடலாம். அர்த்தம் தெரிய வேண்டியதில்லை, வடிவம் ஒன்றா என்று தெரிந்தால் போதும். முதல் எழுத்தோடு நின்றுவிடக் கூடாது. சால்பூட்டமால், சால்மெட்ரால் இரண்டும் இங்கிலீஷில் பாம்புபோல் வளைந்த ஒரே எழுத்தில்தான் தொடங்குகின்றன. முதல் மூன்று எழுத்தும் ஒன்றேதான். நான்காவது எழுத்தில்தான் பிரிகின்றன. ஒன்று அவசரத்துக்கு. மற்றது தினசரிக்கு. மூச்சு முட்டும் நேரத்தில் சால்மெட்ராலை இழுத்தால் அது மெதுவாகத்தான் வேலை செய்யும். அதுவரை உயிர் காத்திருக்காது.

இன்னொரு காரியமும் செய்யலாம். வாங்கியவுடன் கடைக்காரரிடமோ நர்ஸிடமோ கேட்டு, ஒரு துண்டுக் காகிதத்தில் தமிழில் எழுதிக் குப்பியின் மேல் ஒட்டிவிட வேண்டும். ஒன்றில் ‘மூச்சு முட்டினால் மட்டும்’ என்று. மற்றதில் ‘தினமும் காலை 2, இரவு 2’ என்று. நிறத்தை நம்ப வேண்டாம். கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும். கரண்டு போன ராத்திரியில் நிறம் தெரியாது. தடித்த எழுத்து அகல் விளக்கிலும் தெரியும். எழுத்துக் கற்ற கைக்கு இதைவிட என்ன வேலை வேண்டும்?

கருவி பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மருந்து சரியாக இருந்து, இழுப்பது தவறானால் எல்லாம் வீண். அமுக்கும் குப்பிக்கும் பொடி இழுக்கும் கருவிக்கும் முறை நேர் எதிர்.

அமுக்கும் குப்பியை நன்றாகக் குலுக்க வேண்டும். புதுக் குப்பியானால் முதலில் காற்றில் சில அமுக்கு அடித்துவிட வேண்டும். மூச்சை முழுக்க வெளியே விட்டு, உதட்டால் இறுகப் பிடித்து, மெதுவாக உள்ளே இழுக்கத் தொடங்கும்போதே ஒரு அமுக்கு. மெதுவாக இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு பத்து எண்ணும்வரை மூச்சை அடக்க வேண்டும். அரை நிமிஷம் கழித்துத்தான் அடுத்த அமுக்கு. அவசரமாக இழுத்தால் மருந்து தொண்டையில் அடித்து நின்றுவிடும்.

பொடிக் கருவியில் ரோட்டாஹேலர், ரிவோலைசர், லூபிஹேலர் என்று பல வகை. கேப்சூலை உள்ளே போட்டு உடைக்கவோ துளைக்கவோ வேண்டும். இதில் வேகமாக, பலமாக, ஆழமாக இழுக்க வேண்டும். மெதுவாக இழுத்தால் பொடி கிளம்பாது. கருவிக்குள் ஊதக் கூடாது. ஊதினால் ஈரம் பட்டுப் பொடி கட்டியாகிவிடும். இழுத்தபின் திறந்து பார்த்துப் பொடி மீதி இருந்தால் மறுபடி இழுக்க வேண்டும். இந்தக் கேப்சூலைத் தண்ணீர் விட்டு விழுங்குபவர்கள் இருக்கிறார்கள். பாவம், மாத்திரை என்றால் விழுங்குவதுதானே தெரியும். விழுங்கினால் பயன் இல்லை.

இழுக்கப் பலம் இல்லாத முதியவருக்குப் பொடி சரிப்படாது. கையும் மூச்சும் ஒத்துப்போகாதவருக்கு அமுக்கும் குப்பி சரிப்படாது. ஆனால் அதற்கு ஒரு துணைக் கருவி இருக்கிறது. ஸ்பேசர் என்ற வெற்றுக் குடுவை. குப்பியை ஒரு முனையில் செருகி அமுக்கினால் மருந்து குடுவைக்குள் மிதக்கும். மறுமுனையில் நிதானமாக மூச்சு விட்டு இழுக்கலாம். வாங்க வசதி இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. தென்னாப்பிரிக்காவில் ஆஸ்துமாக் குழந்தைகளிடம் சோதித்த ஆய்வு ஒன்று 1999இல் வெளிவந்தது. அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் இன்ஹேலர் வாய் அளவுக்கு ஓட்டை போட்டு, இடுக்கு இல்லாமல் ஒட்டிப் பயன்படுத்தினார்கள். கடையில் விற்கும் ஸ்பேசருக்கு அது இளைக்கவில்லை. பாட்டிலைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, துடைக்காமல் காயவிட வேண்டும். செய்யும்முன் நர்ஸிடம் காட்டிக் கேட்டுக்கொள்வது நல்லது.

ஸ்டீராய்டு உள்ள இன்ஹேலரை இழுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லாவிட்டால் வாய் வெந்து வெள்ளை படரும். டியோட்ரோபியம் போடுகிறவருக்குச் சிறுநீர் அடைத்தாலோ கண் வலித்தாலோ உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

இனி விலைக் கணக்கு. பெட்டி விலையை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். ஒரு நாளைக்கு என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். கணக்குக்காக ஒரு விலை சொல்வோம். ஒரு குப்பி 360 ரூபாய். அதில் 120 அமுக்கு. ஒரு அமுக்கு 3 ரூபாய். காலை 2, இரவு 2 என்றால் நாளைக்கு 12 ரூபாய். குப்பி 30 நாள் வரும். இன்னொரு கடையில் 30 கேப்சூல் 210 ரூபாய். பார்த்தால் மலிவு. ஒரு கேப்சூல் 7 ரூபாய். நாளைக்கு 2 என்றால் 14 ரூபாய். 15 நாளில் தீர்ந்துவிடும். எது மலிவு?

விலை கூடினால் மருந்து நல்லது என்பதும் வெறும் நினைப்பு. சால்பூட்டமால், இப்ராட்ரோபியம், புடசோனைடு ஆகியவை நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. 2013ஆம் வருஷ மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி இப்படிப்பட்ட மருந்துக்கு அரசு உச்ச விலை வைக்கிறது. பெட்டியில் அச்சிட்ட விலையில் வரியும் அடக்கம். அதற்கு மேல் ஒரு பைசா கேட்கக் கூடாது. குறைத்துக் கொடுக்கலாம். 2008இல் தொடங்கிய மக்கள் மருந்தகக் கடைகளில் கம்பெனிப் பெயர் இல்லாமல் மருந்தின் சொந்தப் பெயரிலேயே விற்கிறார்கள். விலை நன்றாகக் குறையும். சில இன்ஹேலர்களும் அங்கே கிடைக்கும். அங்கே போய் ஃபோராகார்ட் என்று கேட்டால் இல்லை என்பார்கள். ஃபார்மெட்ரால் 6, புடசோனைடு 200 என்று எழுதிக் காட்டிக் கேட்க வேண்டும். சொந்தப் பெயர் தெரிந்தவருக்குத்தான் அந்தக் கடைக் கதவு திறக்கும்.

எந்தக் கம்பெனி இன்ஹேலரும் பீடியை வெல்ல முடியாது. ஒரு பக்கம் குழாயை விரித்து, இன்னொரு பக்கம் புகையை ஊற்றினால் என்ன பயன்? பீடிக் கட்டின் மேலேயே ஒரு தொலைபேசி எண் அச்சிட்டிருக்கிறது. 1800-11-2356. காசு இல்லாமல் பேசலாம். விட நினைப்பவர்களுக்கு வழி சொல்வார்கள்.

அவசர இன்ஹேலர் இழுத்தும் மூச்சு அடங்கவில்லை, முழு வாக்கியம் பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது என்றால் இன்னொரு கம்பெனியைத் தேடி ஓட வேண்டாம். ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். 108க்குச் சொல்ல வேண்டும்.

கடைசியாகக் காலிக் குப்பி பற்றி. 200 அமுக்கு என்று எழுதிய குப்பி 200 முடிந்த பிறகும் புஸ் என்று அடிக்கும். அது மருந்து அல்ல, வெறும் காற்று. தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பதும் சரியான சோதனை அல்ல. எண் காட்டும் குப்பியானால் எண்ணைப் பார்க்கலாம். இல்லாவிட்டால் தினசரி இன்ஹேலர் தொடங்கிய தேதியைக் குப்பியில் எழுதி, எத்தனை நாள் வரும் என்று கணக்குப் போட்டு, தீரும் தேதியையும் எழுதிவிடலாம். தீர்ந்த குப்பியை அடுப்பில் போடக் கூடாது, ஆணியால் குத்தக் கூடாது. உள்ளே அழுத்தம் இருக்கிறது, வெடிக்கும். பிள்ளைகள் விளையாட எடுக்காத இடத்தில் வைத்து, அடுத்த முறை போகும்போது மருந்துக் கடையிலோ ஆஸ்பத்திரியிலோ கேட்டுக் கொடுத்துவிடுங்கள்.